எந்திரம் படிக்கிறது, நாம் எழுத வேண்டாமா?

இரும்புலியூர் ஏரி முன்பு எப்படி இருந்தது? ஊர்ப் பெரியவரைக் கேட்டால் சொல்வார். கம்ப்யூட்டரைக் கேட்டால்? யாராவது எழுதி வைத்திருந்தால்தான் சொல்லும்!

ஆம், கம்ப்யூட்டரும் படித்துத்தான் கற்கிறது.

2010-ம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஒரு கம்ப்யூட்டரைப் படிக்க வைத்தார்கள். அதற்கு 'நெல்' என்று பெயர். நம் வயல் நெல் அல்ல. ஆங்கிலப் பெயரின் சுருக்கம்! இரவு பகலாக இணையத்தைப் படித்து, "இது ஊர், இது பழம்" என்று அது தானே தெரிந்துகொண்டது.

ஒரு முறை ஏமாந்தும் போனது. இணையத்தில் உலவும்போது கம்ப்யூட்டரில் தங்கும் சிறு குறிப்புக்கு ஆங்கிலத்தில் 'குக்கி' என்று பெயர். பிஸ்கட்டுக்கும் அதே பெயர்தான். குறிப்பையும் தின்பண்டம் என்று நினைத்துவிட்டது 'நெல்'! மனிதர்கள்தான் திருத்தினார்கள்.

இன்றைய செயற்கை நுண்ணறிவும் நாம் எழுதியதைப் படித்தே கற்கிறது. பொய்யை எழுதினால் பொய்யைக் கற்கும். எழுதாமல் விட்டால் நம் ஊரையே அறியாது.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், ஆதாரம் காட்டி எவரும் எழுதலாம். பெரியவர்களைக் கேளுங்கள். பழைய ஏடுகளோடு ஒத்துப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.

விதைத்தால்தானே விளையும்!