கதைக்கு யார் அதிகாரி?

சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்தில் கண்ணாடிச் சுவர்கள் மின்ன நிற்கும் சேண்ட்கிராலர் மாளிகை, லூக்காஸ்ஃபிலிமின் சிங்கப்பூர் அலுவலகமாகத் திறப்புவிழாக் கண்ட அதே 2014-ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில், லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம், ‘ஸ்டார் வார்ஸ்’ கதையுலகில் ஆறு திரைப்படங்களும் ‘குளோன் வார்ஸ்’ சித்திரத் தொடருமே அசைக்கவொண்ணாப் பிரமாணம் என்றும், பல்லாண்டுகளாக வாசகர் போற்றிவந்த நாவல்கள் யாவும் ‘லெஜண்ட்ஸ்’ என்னும் தனி வரிசையைச் சேர்ந்தவை என்றும் பிரகடனம் செய்தது. அந்தச் சித்திரத் தொடரின் ஆக்கத்தில் சிங்கப்பூர்க் கலைஞர்களின் உழைப்பும் கலந்திருந்தது நமக்குப் பெருமையே. ஆயினும் அத்தீர்ப்பு அநீதியானது என்றே கருதுகிறேன். அப்படி ஒதுக்கப்பட்ட நாவல் ஒன்றில் டிமோதி ஸான் 1991-இல் சிருஷ்டித்த த்ரான் என்னும் தளபதியை, 2016-இல் தங்கள் ‘ரெபெல்ஸ்’ சித்திரத் தொடருக்குள் அந்நிறுவனத்தாரே மீண்டும் அழைத்துக்கொள்ள நேர்ந்ததே!

மூலநூலில் இல்லாததைத் தள்ளிவிடுவது நம் முன்னோர் வழக்கமன்று. ஐப்பசித் திருவிழாவில், சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து மஞ்சள் ஆடையும் வேப்பிலையுமாக ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்துவரும் பக்தர்கள், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் பூக்குழி கடந்து பால்குழியில் கால் நனைக்கிறார்களே, அவ்விரதத்துக்கு ஆதாரமான திரௌபதியின் தீமிதி வியாச பாரதத்தில் இல்லை. தமிழ்நாட்டுக் கூத்தும் வழிபாடும் வளர்த்த கதை அது. அதனால் வியாசரின் மகிமை அணுவளவும் குன்றவில்லை.

‘ஸ்டார் வார்ஸ்’ கதையின் வியாபார உரிமையை டிஸ்னி 2012-இல் விலைகொடுத்து வாங்கியது. வாசகர் உள்ளத்தில் அந்த நாவல்கள் பெற்ற ஸ்தானம் அந்த விலையில் அடங்கவில்லை. ஆகவே, அப்பழைய நூல்களை வைத்திருக்கும் அன்பர்களே, அவற்றைக் கூச்சமின்றிப் படியுங்கள், பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.