கொடுக்கும் கையில் நீதி இருக்கட்டும்

பிள்ளைகள் வளர்ந்து, மணமுடித்து, தனிக்குடித்தனம் சென்ற பின்னரும் பெற்றோரின் கை கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. மகனின் கடைக்கு முதல், மகளின் வீட்டு வேலைக்கு ஒரு தொகை, பேரப்பிள்ளைக்குத் தங்கக் காசு, பெருநாளன்று எல்லோருக்கும் பணம். தாமே சம்பாதிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்குப் பெரும்பாலும் அன்பே காரணம். ஒருவருக்கொருவர் அன்பளிப்புச் செய்தால் நேசம் வளரும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. எனவே கொடுப்பதில் குறையில்லை. யாருக்கு, எவ்வளவு, எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் சோதனை இருக்கிறது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்பு வழங்கினார். நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கினால்தான் தமக்குத் திருப்தி என்று தாயார் அம்ரா பின்த் ரவாஹா (ரலி) கூறிவிட்டார். தந்தை நபியவர்களிடம் சென்றபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அல்லாஹ்வை அஞ்சி, பிள்ளைகளிடையே நீதியாக நடந்துகொள்ளுமாறு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். தந்தை திரும்பி வந்து கொடுத்ததை மீட்டுக்கொண்டார். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இந்த நபிமொழியை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். அந்த வீட்டுக்காக வளைகுடாவில் உழைத்த சகோதரனுக்கு என்ன கொடுத்தோம் என்று நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. வேறு பல ஊர்களிலோ மகனுக்குக் கடையும் மனையும் போகின்றன. மகள் கேட்டால், உனக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டோமே என்ற பதில் வருகிறது. கேட்டவள் மௌனமாகிவிடுகிறாள். அந்த மௌனத்தை நாம் திருப்தி என்று எண்ணிக்கொள்கிறோம்.

சமமாகக் கொடுப்பது கட்டாயம் என்கிறது ஹன்பலி மத்ஹப். ஏனைய மூன்று மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்கள் அதை வலியுறுத்தப்பட்ட நற்செயலாகக் கருதுகின்றனர். நோய், பெரிய குடும்பச் சுமை, கல்வி போன்ற தேவைகளுக்காக ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுப்பதை ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) போன்றோரே அனுமதித்துள்ளனர். ஆகவே கடனில் மூழ்கிய மகனைத் தூக்கிவிடுவதும் கணவனை இழந்த மகளைத் தாங்குவதும் அநீதியாகா. காரணமின்றி, மற்றவர்களுக்குத் தெரியாமல், விருப்பத்தின் பேரில் ஒருவருக்கே அள்ளிக் கொடுப்பதுதான் பிள்ளைகளின் உள்ளத்தில் தங்கிவிடுகிறது.

அபூபக்கர் (ரலி) அவர்கள் தம் மகள் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு இருபது வஸக் பேரீச்சம்பழம் கிடைக்கும் மரங்களை வழங்கியிருந்தார்கள். ஆயிஷா அவற்றைக் கைவசப்படுத்தவில்லை. மரணத் தறுவாயில் தந்தை மகளை அழைத்து, நீ கைப்பற்றியிருந்தால் அது உன்னுடையது, இன்றோ அது வாரிசுகளின் சொத்து, அல்லாஹ்வின் வேதப்படி பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்ற பொருள்படக் கூறினார்கள். அதைவிட அதிகமாக இருந்தாலும் விட்டுவிடுவேன் என்றார் மகள். முவத்தா பதிவுசெய்துள்ள இந்நிகழ்வில், மகள் மீது கொண்ட பேரன்பு கூட வாரிசுகளின் உரிமையைத் தொடவில்லை.

நம் நாட்டிலும் முஸ்லிம்களின் ஹிபா நிறைவேற, கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, பொருளை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் வேண்டும். 'அந்த இடம் உனக்குத்தான்' என்று வாப்பா வாயால் சொல்லிவைத்து ஒப்படைக்காமல் போனால், அவர் மறைவுக்குப் பின் அந்த ஒரு சொல் பிள்ளைகளை வழக்கு மன்றத்தில் நிறுத்தக்கூடும்.

எனவே பணம் கைமாறும்போதே அதற்குப் பெயர் சூட்டிவிடுவோம். கடன் என்றால் எழுதிக்கொள்வோம்; திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதுவது பற்றியதுதான். உதவி என்றால் காரணத்தை மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்வோம். அன்பளிப்பு என்றால் அனைவருக்கும் கொடுப்போம். மகள்களின் வாரிசுப் பங்கைக் குறைப்பதற்காகவே வாழும் காலத்தில் மகன்களின் பெயருக்கு எழுதிவைப்பதை அன்பு என்று அழைக்க வேண்டாம்.

வாப்பாவும் உம்மாவும் மறைந்த பின் நம் பிள்ளைகளுக்கு எஞ்சியிருப்பது உடன்பிறப்புகளே. ஒருவர் வீட்டு விருந்தில் மற்றவர் மனக்கசப்பின்றி அமர்ந்து உண்ணும் நிலையை விட்டுச் செல்வதே நாம் கொடுக்கும் பெரிய சொத்து. அதற்கான மனத்தையும் நீதியையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.