எந்தத் தெரு?

டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் ஷின்கான்சென் ரயிலில் பக்கத்து வரிசையில் ஒரு தமிழ்க் குடும்பம். ஃபூஜி மலை தெரிகிறதா என்று எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தபோது பேச்சு தொடங்கியது.

"சாருக்கு எந்த ஊர்?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

"வேலூர் பக்கம்ங்க."

"வேலூர்ல எங்க?"

"ஆம்பூர்."

"அட, ஆம்பூர்ல நமக்கு நிறைய பேர் பழக்கமாச்சே. எந்தத் தெரு?"

அப்பா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, "ஸ்டேஷன் பக்கத்துல" என்றார். எங்கள் வீடு ஸ்டேஷன் பக்கத்தில் இல்லை.

அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். டோக்கியோவில் வேலை பார்க்கும் தம்பியின் சம்பளத்தில் இந்தக் கோடையில்தான் அப்பாவும் அம்மாவும் முதன்முதலாக விமானம் ஏறினார்கள். 285 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலிலும் அந்தக் கேள்வி எங்களைப் பிடித்துவிட்டது. அப்பாவைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆய்வுப் படிப்பில் சேர்ந்த முதல் வருடம் விடுதியில் நானும் 'வேலூர்' என்பதோடு நிறுத்திக்கொண்டவள்தான்.

பெரியவர் பிறகு ஜப்பானைப் பாராட்ட ஆரம்பித்தார். சுத்தம், ஒழுங்கு, நேரம். கடைசியில், "இங்க சாதி கீதின்னு ஒண்ணும் கிடையாது. அதான் முன்னேறிட்டான்" என்றார். ஜப்பான் போய் வரும் நம்மவர்கள் பலரும் சொல்கிற வாக்கியம் இது. இது உண்மையல்ல.

தோல் உரித்தவர்கள், பதனிட்டவர்கள், செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர்கள் 'தீட்டானவர்கள்' என்று ஜப்பானிலும் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். இன்று அவர்களின் வழிவந்தவர்களை புராகுமின் என்கிறார்கள். 'புராகு' என்றால் குடியிருப்பு. நம் 'சேரி'யைப் போலவே இடத்தின் பெயர் வசவாக மாறியது. 1871இல் அரசாணை இந்த இழிநிலையைச் சட்டப்படி ஒழித்தது. ஆனால் அடுத்த ஆண்டே எடுக்கப்பட்ட குடும்பப் பதிவேட்டில் பல இடங்களில் அவர்களைப் 'புதிய குடிமக்கள்' என்று தனியே குறித்துவைத்தார்கள்.

முகத்தை வைத்தோ மொழியை வைத்தோ அவர்களை அடையாளம் காண முடியாது. எனவே முகவரியைத் தேடினார்கள். புராகு குடியிருப்புகளின் பெயர்களும் இருப்பிடங்களும் அடங்கிய பட்டியல்கள் ரகசியமாக விற்கப்பட்டது 1975இல் அம்பலமானது. வாங்கியவை 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். வேலை கேட்டு வந்தவரின் ஊரை அதில் தேடிப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முன் துப்பறிவாளரை வைத்து விசாரிப்பதும் நடந்தது. நம் ஊரில் பட்டியல் அச்சடிக்கத் தேவையில்லை. 'எந்தத் தெரு?' என்ற ஒரு கேள்வி போதும்.

சாதியைப் பேசாமல் இருந்தால் தானாக மறைந்துவிடும் என்று இங்கே சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானிலும் 'தூங்கும் குழந்தையை எழுப்பாதே' என்று சொல்வார்கள். ஆனால் அந்த மௌனம் பட்டியல் வைத்திருந்தவர்களுக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. 2016இல் பழைய பட்டியலை இணையத்தில் ஏற்றினார்கள். புராகு மக்கள் நீதிமன்றம் போனார்கள். பாகுபாட்டுக்கு ஆளாகாமல் வாழ்வது ஒருவரின் உரிமை என்று 2023இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வாய் திறந்ததால் கிடைத்த தீர்ப்பு அது.

அந்த மக்கள் வாய் திறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1922 மார்ச் 3 அன்று, நாங்கள் இறங்கிய அதே கியோட்டோவில், சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். அம்பேத்கரின் மகாத் போராட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் முந்தியது அது. எங்கோ இருக்கும் நல்ல மனிதர்கள் வந்து மீட்பார்கள் என்று காத்திராமல், எங்கள் விடுதலை எங்கள் கையில் என்று அறிவித்த இயக்கம். கியோட்டோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், 1899இல் புராகு மக்கள் தங்களுக்காகத் தொடங்கிய யானகிஹாரா வங்கியின் கட்டடம் இன்று நினைவு அருங்காட்சியகமாக இருக்கிறது. நம் சுற்றுலாப் பட்டியலில் கோயில்கள் இருக்கின்றன, இது இல்லை.

ஒசாகாவில் தம்பியிடம் சொல்லி ஆஷிஹாராபாஷி நிலையத்தில் இறங்கினோம். தைகோ மேளம் செய்யும் புராகு மக்களின் பகுதி அது. அவர்கள் செய்த மேளம் திருவிழாக்களில் ஒலித்தது. செய்த கைகள் ஒதுக்கப்பட்டன. 'இக்காரி' என்று ஒரு மேளக் குழுவை 1987இல் இந்தப் பகுதி இளைஞர்கள் தொடங்கினார்கள். இக்காரி என்றால் கோபம். இன்று அந்தத் தெருவுக்கே மனித உரிமை – தைகோ சாலை என்று பெயர். அதே பகுதியிலிருந்த மனித உரிமை அருங்காட்சியகம், நகராட்சி மானியத்தை நிறுத்திய பிறகு 2020இல் மூடப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெற்றி முழுமையானதல்ல.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கியது. பிறர் கையில் இருக்கும்போது ஒரு முகவரி ஒதுக்கிவைக்கும் பட்டியல் ஆகிறது. அதே முகவரியை அங்கே வாழும் மக்களே தெருவில் எழுதி வைத்தால் அது வரலாறு. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். எல்லோரும் எல்லோரிடமும் சாதியைச் சொல்லியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பில்லாத இடத்தில் மௌனம் ஒரு கவசம். அந்தக் கவசம் தேவைப்படாத தெருக்களை உருவாக்குவது நம் வேலை.

ஒரு மேளக் கடையில் அப்பா தோலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "மாட்டுத் தோலு. நல்லா பதம் பண்ணியிருக்காங்க" என்றார். கடைக்காரர் ஏதோ கேட்க, தம்பி மொழிபெயர்த்தான்: "உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்குறாருப்பா."

"முப்பத்தொரு வருஷம் இதான் என் வேலைன்னு சொல்லு" என்றார் அப்பா. யாரும் கேட்காமலே ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.