எம்டி - பிஎச்டி சேர்த்துப் படிக்கலாமா? குன்னூரில் இருக்கு பதில்!

எம்பிபிஎஸ் முடிக்கவே ஐந்தரை ஆண்டுகள். அதற்கு மேல் எம்டி 3 ஆண்டுகள். பிஎச்டியும் சேர்ந்தால் குறைந்தது இன்னொரு 3 ஆண்டுகள். “அதுக்குள்ள கூடப் படிச்சவன் கிளினிக்கே போட்டுடுவானே?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்கான பதில் நீலகிரியில் இருக்கிறது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார் ராபர்ட் மெக்கரிசன். அவர் ஒரு மருத்துவர். அந்த ஆய்வுக்கூடம் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

இதே மலையில் இன்னொரு கதையும் உண்டு. இந்தியாவில் சிக்கிள் செல் பாதிப்பு முதன்முதலில் பதிவானது நீலகிரி பழங்குடி மக்களிடம்தான். ஆண்டு 1952. அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கியது 2023-ல். நடுவில் 71 ஆண்டுகள்! நோயாளியையும் பார்த்து, நோயையும் ஆராயும் மருத்துவர்கள் ஏன் தேவை என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

சரி, எந்த வழியில் போவது?

முதலில் பெயர்க் குழப்பம். அமெரிக்காவில் எம்டி என்பது நம்ம ஊர் எம்பிபிஎஸ் போன்ற முதல் மருத்துவப் பட்டம். அங்கே எம்டி - பிஎச்டி முடிக்க சுமார் 8 ஆண்டுகள் ஆகும். 1964 முதல் அரசு நிதியும் கிடைக்கிறது. ஆனால், அந்த நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும்தான். இங்கே எம்பிபிஎஸ் முடித்தவர் அங்கே போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது பெரும்பாலும் வீண் வேலை.

இந்தியாவில் எம்டி என்பது முதுநிலைப் படிப்பு. பெங்களூரு ஐஐஎஸ்சி 2022-ல் அறிவித்த மருத்துவக் கல்வித் திட்டத்தின் மையமே எம்டி - பிஎச்டி இரட்டைப் பட்டம்தான். ஒன்றை மறக்க வேண்டாம்: மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளைப் பார்க்கும் துறைகளில் ஆசிரியராக எம்டி போதும், பிஎச்டி கட்டாயமில்லை. பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து கூடட்டும் என்று சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆகவே, பெரும்பாலானோருக்கு எம்டி முதலில், பிஎச்டி பிறகு என்பதே நல்லது. வார்டில் நோயாளியைப் பார்க்கும்போதுதான் ஆய்வுக்கான கேள்வி பிறக்கும். அந்தக் கேள்வி ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் மட்டும் சேர்த்துப் படிக்கலாம். அவர்களும் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களை விசாரிக்க வேண்டும்: வழிகாட்டி யார்? உதவித்தொகை எத்தனை ஆண்டு வரும்? ஆய்வுக்கென்று தனி நேரம் கிடைக்குமா?

அந்த மூன்றாவது கேள்வி அரசுக்கும்தான். ஊட்டியில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே வாரத்தில் இரண்டு நாளாவது ஆய்வுக்கு ஒதுக்கும் மருத்துவர் பணியிடங்களை உருவாக்கினால், அடுத்த கண்டுபிடிப்புக்கும் தீர்வுக்கும் நடுவில் இன்னொரு 71 ஆண்டுகள் தேவைப்படாது.