மணிக்கு ஆயிரம் ரவைகள் யாருக்கு வேண்டும்?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுதலை விளையாட்டாகக் கொண்டவர்களிடையே, சுட்டு முடித்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கியெடுத்து, வீட்டிலேயே அவற்றை மீண்டும் ரவைகளாக்கிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சொந்தப் பாவனைக்காக இவ்வாறு மீள்நிரப்புபவரிடம் அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் எதையும் கேட்பதில்லை. 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளில் கடைகளில் ரவைகளுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் இதன்பால் திரும்பினர். அவ்வாறு புதிதாக வருபவர் கேட்கும் முதற் கேள்வி, எந்தப் புரோகிரசிவ் பிரஸ் வாங்கலாம் என்பது. அவருக்குக் கிடைக்கும் முதல் விடை, இந்த இயந்திரம் மணிக்கு இத்தனை ரவை தரும், அந்த இயந்திரம் மணிக்கு அத்தனை தரும் என்பது.

கேள்வியும் பிழை, விடையும் பிழை என்பதே என் கட்சி.

அமெரிக்காவில் வாழும் வாசகர் ஒருவர், தம் மகன் இத்தகைய இயந்திரமொன்றை வாங்கப் போவதாகவும், எது நல்லதென்று கூறும்படியும் எனக்கு எழுதியிருந்தார். துப்பாக்கியைப் பற்றி எழுத உமக்கென்ன தகுதி என்று கேட்கும் அன்பர்களும் இருப்பார்கள். ஒரு வெற்றுக் கோது வீட்டில் கிடந்தாலே என்ன நேருமோ என்று மக்கள் அஞ்சிய நாட்டில் பத்திரிகைத் தொழில் செய்தவன் நான். ரவை என்பது எனக்கு விளையாட்டுப் பொருளாக ஒருநாளும் தோன்றியதில்லை. ஆயினும் சட்டம் அனுமதித்த ஒன்றை ஒருவர் செய்யத் துணிந்துவிட்டால், அதைச் செய்யாதே என்று கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எழுதுபவனுக்கு அழகன்று. எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்று கூறுவதே பயனுள்ளது. உறவினர் ஒருவரின் வீட்டு நிலவறையில் இந்த இயந்திரம் இயங்குவதை அருகிருந்து பார்த்திருக்கிறேன். கையேடுகளையும் விளம்பரங்களையும் பொறுமையாகப் படித்தும் இருக்கிறேன். இரண்டுக்கும் இடையேயுள்ள தூரமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சுட்ட கோது சற்று விரிந்திருக்கும். அதை மீண்டும் உரிய அளவுக்குக் கொண்டுவரவேண்டும். அடியிலுள்ள பழைய பிரைமரை அகற்றிப் புதியதைப் பொருத்தவேண்டும். பிரைமர் என்பது ஊசி தட்டியதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி. பின்னர் அளந்த மருந்தை இட்டு, சன்னத்தை வாயில் அமர்த்தி, விளிம்பை இறுக்கவேண்டும். ஒற்றைநிலைப் பிரஸில் ஒருமுறை கைப்பிடியை இழுத்தால் ஒரு வேலைதான் நடக்கும். ஐம்பது கோதுகளுக்கும் முதல் வேலையை முடித்த பின்னரே இரண்டாவது வேலை. புரோகிரசிவ் பிரஸிலோ ஒரு சுழல்தட்டில் பல கோதுகள் வட்டமாக நிற்கும். ஒவ்வோர் இழுவையிலும் ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு வேலை நடைபெறும். தட்டு நிறைந்தபின் இழுவைக்கு ஒரு ரவை முழுமையாகி வெளியே விழும். இதுவே அதன் பெருமை. இதுவே அதன் ஆபத்தும்.

விளம்பரத்து எண்ணிலிருந்து தொடங்குவோம். பிரைமர்கள் பொதுவாக நூறு நூறாகக் குழாய்களில் ஏற்றப்படுகின்றன. மணிக்கு ஆயிரம் ரவை என்றால் பத்துக் குழாய்கள் நிரப்பப்படவேண்டும். கோதுகளைக் கழுவவோ மெருகேற்றவோ வேண்டும், வகைபிரிக்கவேண்டும், வெடித்தவற்றைக் கழித்து ஒதுக்கவேண்டும். மருந்தின் அளவைத் தராசிலிட்டு இடையிடையே சரிபார்க்கவேண்டும். மருந்துக் குடுவையையும் சன்னப் பெட்டியையும் நிரப்பவேண்டும். இவை எவையும் அந்த ஆயிரத்துக்குள் அடங்குவதில்லை. கைப்பிடி தடையின்றி இழுபடும் வேகத்தைக் கணக்கிட்டு அதையே உழைப்பின் பயன் என்று காட்டுகிறார்கள். வயலை உழுதவனையும் நாற்று நட்டவளையும் மறந்து, சூடடித்த நாளை மட்டும் கணக்கிலெடுத்து நெல் ஒரு நாளில் விளைந்தது என்று கூறுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

எண் பொய்யாக இருப்பதைக்கூட மன்னிக்கலாம். அந்த எண்ணை உண்மையாக்க முயல்பவனுக்கு நேர்வது என்ன என்பதே என் கவலை.

இத்தொழிலில் உயிரோடு விளையாடும் பிழைகள் முதன்மையாக இரண்டு. ஒன்று, மருந்தே விழாத ரவை. பிரைமரின் விசையால் மட்டும் சன்னம் தள்ளுண்டு துப்பாக்கிக் குழலின் நடுவில் சிக்கிக்கொள்ளும். மெல்லிய ஓசைதான் கேட்கும். அதைக் கவனியாது அடுத்த ரவையைச் சுட்டால் குழல் உப்பும், அல்லது பிளக்கும். மற்றது, இருமுறை மருந்து விழுந்த ரவை. அதில் துப்பாக்கியே கையில் சிதறக்கூடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய .38 ஸ்பெஷல் போன்ற பெரிய கோதுகளில், இன்றைய விரைவாக எரியும் மருந்து அடிப்பகுதியில் சிறிதளவே இடம்பிடிக்கும். இரு மடங்கு விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது. சன்னம் அமர்ந்துவிட்டால் நல்ல ரவைக்கும் கொலைகார ரவைக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடே இல்லை.

பத்திரிகை அலுவலகத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. மிதி அச்சு இயந்திரத்தில் தாளைக் கையால் வைத்து எடுத்த காலத்தில், பத்தாவது தாளிலேயே ஒருவர் கண்ணில் பிழை பட்டுவிடும். ரோட்டரி இயந்திரம் ஓடத் தொடங்கினால், பிழை கண்ணில் படுவதற்குள் ஆயிரக்கணக்கான பிரதிகள் வாகனத்தில் ஏறியிருக்கும். அதனால்தான் இயந்திரத்தின் வேகம் கூடக்கூட, ஒப்புநோக்குவோரின் தொகையும் கூடிற்று. நாங்கள் மறுநாள் திருத்தம் வெளியிட்டுத் தப்பிக்கலாம். குழல் பிளந்தபின் திருத்தம் வெளியிட இடமில்லை.

புரோகிரசிவ் பிரஸை ஆதரிப்போரிடம் வலுவான வாதமொன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஒற்றைநிலைப் பிரஸில் ஐம்பது கோதுகளைப் பலகையில் நிறுத்திக் கையால் மருந்திடும்போது, தொலைபேசி ஒலித்தால் எந்த வரிசையில் நிறுத்தினோம் என்பது மறந்துவிடும். புரோகிரசிவ் இயந்திரமோ கோதுக்கு ஒருமுறை மட்டுமே மருந்திடும், எனவே அதுவே பாதுகாப்பானது என்கிறார்கள். இடையூறின்றி ஓடும்வரை அது உண்மைதான். ஆனால் இயந்திரம் இடையூறின்றி ஓடுவதில்லை. பிரைமர் குறுக்கே விழும், கோது சாயும், வேறு அளவுக் கோதொன்று உள்ளே நுழையும். அப்போது பாதி இழுவையில் நின்று, ஒன்றைக் கழற்றி, ஒன்றைத் திருத்தி, மீண்டும் இழுக்கும்போதே எந்தக் கோது மருந்து பெற்றது, எது பெறவில்லை என்ற கணக்குக் குழம்புகிறது. பலகையில் நிற்கும் ஐம்பது கோதுகளின் வாயை ஒரு விளக்கொளியில் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். சுழல்தட்டில் அத்தகைய பார்வைக்கு ஒரு கணமே கிடைக்கும். மணிக்கு ஆயிரம் என்ற வெறி பிடித்தவன் அந்தக் கணத்தையும் விழுங்கிவிடுகிறான்.

ஆகவே வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பிழை நேர்ந்தால் இந்த இயந்திரம் எனக்கு அதைக் காட்டுமா?

இக்கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தால் தரவரிசையே மாறிவிடும். லீ நிறுவனத்தின் புரோ 1000 மூன்று நிலையங்கள் கொண்டது. விலை குறைவு என்பதால் புதியவர்களை ஈர்ப்பது. ஆனால் மருந்தைச் சரிபார்க்கும் கருவிக்கென ஒதுக்க அதில் நிலையம் இல்லை. டில்லன் நிறுவனத்தின் 550 வரிசை நான்கு நிலையங்கள் கொண்டது. அதன் தட்டைக் கையாலேயே திருப்பவேண்டும். திருப்ப மறந்தால் ஒரே கோதில் இருமுறை மருந்து விழும் என்பது அதன் குறை. இழுப்பவரின் விருப்பமின்றி எதுவும் நகராது என்பது அதன் நிறை. அதே நிறுவனத்தின் எக்ஸ்.எல். 750உம், ஹோர்ணடி நிறுவனத்தின் லொக்-என்-லோட் ஏ.பி.யும் ஐந்து நிலையங்கள் கொண்டவை. தட்டு தானே சுழல்வது. அந்த ஐந்தாவது நிலையத்தின் உண்மையான பெறுமதி வேகத்தில் இல்லை. மருந்தின் மட்டத்தைச் சோதித்து ஒலியெழுப்பும் கருவிக்கோ, மருந்து கூடினாலோ குறைந்தாலோ இழுவையையே தடுத்துவிடும் ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் லொக்-அவுட் டைக்கோ அங்கு இடம் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. அந்த நிலையத்தைச் சோதனைக்கு விடாமல் வேறு வசதிக்குப் பயன்படுத்துபவர், பூட்டு வாங்கித் திறப்பைக் கதவிலேயே தொங்கவிட்டவர் ஆவார்.

புதிதாகத் தொடங்குபவர் ஒற்றைநிலைப் பிரஸில் தொடங்கவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒவ்வொரு வேலையும் கைக்கு எப்படி உணரப்படுகிறது என்பதை அறியாதவர், ஐந்து வேலைகள் ஒரே இழுவையில் நடக்கும்போது எது பிசகியது என்பதை எவ்வாறு அறிவார்? ஒவ்வொரு வாரமும் நூற்றுக்கணக்கான ரவைகளைச் சுட்டுப் பயிலும் போட்டியாளருக்குப் புரோகிரசிவ் பிரஸ் தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை சுடுகளத்துக்குச் சென்று நூறு ரவைகளைச் சுட்டுத் திரும்புபவருக்கு அது எதற்கு? அவருடைய ஆறு மாதத் தேவையை அது ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுமே!

இந்தக் கணக்கை வீட்டிலுள்ளோரின் பக்கமிருந்தும் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் இலக்க விதித்தொகுப்பு, குடியிருப்பு ஒன்றில் 10,000க்கு மேற்பட்ட பிரைமர்களை வைக்கலாகாது என்கிறது. சாதாரணமாக 20 இறாத்தல் வரையான புகையற்ற மருந்தையே மூலக் கொள்கலன்களில் வைக்க அது இடமளிக்கிறது. மணிக்கு ஆயிரம் என்று ஓடும் இயந்திரத்துக்குப் பத்தாயிரம் பிரைமர் என்பது பத்து மணித்தியால இரை. இயந்திரத்தின் பசிக்கு ஏற்ப வாங்கத் தொடங்கினால், உறங்கும் அறைக்குக் கீழே களஞ்சியம் எழும்.

ஈயத்தைப் பற்றிப் பேசுவோர் இன்னும் குறைவு. வழக்கமான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட கோதுகளை உலர்முறையில் உருட்டி மெருகேற்றும்போது எழும் தூசியில் அது கலந்திருக்கும். கையிலும் உடையிலும் ஒட்டிச் சமையலறைவரை வரும். சிறுவர்களின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் கவனத்துக்குரிய அளவை டெசிலீற்றருக்கு 3.5 மைக்கிரோகிராமாகக் குறைத்தது. எந்த பிரஸ் வேகமானது என்று மாதக்கணக்காக ஆராய்பவர், கை கழுவும் தொட்டி எங்கே, அந்த அறைக்குக் கதவு உண்டா, தவழும் குழந்தை அங்கே வருமா என்று ஒரு நாழிகை ஆராய்ந்தாரா?

இறுதியாக, மிகுதி என்ற பிரச்சினை. சுடுவதைவிட அதிகமாகச் செய்பவரிடம் ரவைகள் தேங்கும். தேங்கியதை நண்பர் கேட்பார். முதலில் அன்பளிப்பு, பின்னர் செலவுக்குக் காசு, பின்னர் வியாபாரம். விற்பனைக்காக ரவை செய்பவருக்கு உரிமம் வேண்டும் என்ற கோடு அமெரிக்கச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. 2017 ஒக்டோபர் 1ஆம் திகதி லாஸ் வேகாஸில் நடந்த படுகொலையில் 60 பேர் உயிரிழந்தனர். கொலையாளியின் விடுதி அறையில் சுடப்படாமல் கிடந்த ரவைகள் சிலவற்றில் அரிசோனாவைச் சேர்ந்த ஒருவரின் விரலடையாளமும், அவருடைய மீள்நிரப்பும் கருவிகளுக்குப் பொருந்தும் தடங்களும் காணப்பட்டதாக வழக்குத்தொடுநர் கூறினர். படுகொலையில் அவருக்குப் பங்கிருந்ததாக எவரும் குற்றஞ்சாட்டவில்லை. ஆயினும் உரிமமின்றி ரவை உற்பத்தி செய்து விற்ற குற்றத்தை அவர் 2019இல் ஏற்றுக்கொண்டார். 2020இல் 13 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். வீட்டு மேசையில் செய்த ரவை அந்த மேசையிலேயே நின்றுவிடும் என்பதற்கு எவராலும் உத்தரவாதம் தரமுடியாது.

எனக்கு எழுதிய அன்பருக்கு என் விடை இதுதான். மகனிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மாதம் எத்தனை ரவை சுடுகிறாய்? மருந்து விழாத கோதையும் இருமுறை விழுந்த கோதையும் உன் இயந்திரம் எந்த நிலையத்தில் பிடிக்கும்? இயந்திரம் நடுவழியில் நின்றால், தட்டிலுள்ள கோதுகள் அனைத்தையும் அகற்றி முதலிலிருந்து தொடங்கும் பொறுமை உனக்கு உண்டா? மூன்றுக்கும் அவர் நேரான விடை தந்தால் எந்த நிறுவனத்தின் இயந்திரத்தையும் வாங்கட்டும். மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்கினால், அவருக்குப் பொருத்தமான புரோகிரசிவ் பிரஸ் இன்னும் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படவில்லை.