முதல் நாளே 'ஜட்ஜ்' வேண்டாம்

கோல்ஃப்னா மெம்பர்ஷிப் கிளப், நமக்கில்லைன்னு சொல்லியே அப்பா என்னை வளர்த்தார். அலபாமாவில் அப்படி இல்லை. அரசு ஊழியர், ஆசிரியர் ஓய்வூதிய நிதியை முதலீடு செய்து 1990களில் தொடங்கியது ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் கோல்ஃப் ட்ரெயில். 11 இடங்களில் 26 மைதானங்கள். கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம்.

பிரட்வில் 'ஜட்ஜ்' ரொம்பப் பிரபலம். முதல் குழிக்கு அடிக்க நிற்கும் இடத்திலிருந்து புல்வெளி சுமார் 200 அடி கீழே, பக்கத்திலேயே அலபாமா ஆற்றுத் தண்ணீர். பார்க்க அத்தனை அழகு! ஆனா பிள்ளைகளோட அங்கே ஆரம்பிக்காதீங்க. நான் ஆரம்பிச்சேன். ஆறு பந்து தண்ணியில போச்சு. மூணாவது குழியிலேயே மகள், "இனிமே வரமாட்டேன்ப்பா"ன்னுட்டா.

அவளைச் சமாதானப்படுத்த ஆறு மாசம் ஆச்சு. இந்தத் தடவை ஹன்ட்ஸ்வில் ஹாம்ப்டன் கோவ். அங்கே 18 குழியும் பார்-3 ஆக ஒரு சின்ன மைதானம் இருக்கு. (ஓபலைக்கா கிராண்ட் நேஷனல்லயும் உண்டு.) கோடைன்னா காலையிலேயே போயிடுங்க, மதிய வெயில் தாங்காது.

அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். வாசல்லயே தயங்கினார். "டீச்சர் பென்ஷன் பணம்ப்பா"ன்னதும் உள்ளே வந்தார். ஏழாவது குழியில் பேத்தி நாலே அடியில் பந்தைப் போட்டதும், கிரிக்கெட் மேட்ச் மாதிரி சத்தமா கைதட்டினார். பக்கத்துல ஆடினவங்க திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க.