ஐயமும் தெளிவும்

பகைவன் கையில் என்ன படைக்கலம் உளதோ என்னும் அச்சம் மிகப் பழையது. வில்லும் வேலும் வழங்கிய நாளிலும் அஃது இருந்தது. அணுக்குண்டு வழங்கும் இந்நாளிலும் இருக்கின்றது. அன்று அவ்வச்சத்தைப் பற்றி அரசவையில் அமைச்சர் பேசினர். இன்றோ தேநீர்க் கடையிலும், பேருந்திலும், கல்லூரி விடுதியிலும் எல்லாரும் பேசுகின்றோம். பேசுதல் தவறன்று, குடியாட்சியில் அது நம் உரிமை. எவ்வாறு பேசுதல் வேண்டும் என்பதையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

2025-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் முதல் 10-ஆம் நாள் வரை இந்தியாவும் பாகிஸ்தானும் பொருதன. அதனை ஒட்டி ஒரு செய்தி நாடெங்கும் பரவிற்று. பாகிஸ்தானத்திலுள்ள கிரானா மலையில் அணுப்படைக்கலங்கள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன என்றும், அம்மலையை நம் விமானங்கள் தாக்கின என்றும், அங்கு நச்சுக் கதிர் கசிகின்றது என்றும் கைப்பேசிதோறும் படங்கள் உலவின. யாமும் அவற்றை நண்பர்க்கு அனுப்பி மகிழ்ந்தோம், இதனை மறைப்பதற்கில்லை. மே 12-ஆம் நாள் நம் விமானப்படையின் உயர் அலுவலரே, அம்மலையைத் தாக்கவில்லை என்று வெளிப்படக் கூறினார். அனைத்து நாட்டு அணுவாற்றல் முகமையும் கதிர்க் கசிவு ஏதும் இல்லையென அறிவித்தது. முதற் செய்தியை அனுப்பிய யாம் இம்மறுப்பை எவர்க்கும் அனுப்பினோமில்லை.

அவ்வாண்டு ஆடிப் பதினெட்டை ஒட்டி, எம் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் சிலர் வல்வில் ஓரி விழாக் காண்பான் கொல்லிமலைக்குச் சென்றோம். 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டை அடைந்து, ஆங்குள்ள ஓரியின் சிலையைக் கண்டோம். அன்றிரவு தங்கிய வீட்டின் திண்ணையில், பொழுது போக்கற்பொருட்டு ஒரு சொற்போர் நிகழ்த்தினோம். 'அண்டை நாட்டின் அணுப்படையை முந்திச் சென்று அழித்தல் முறையே' என்பது தலைப்பு. முறையே என்று வாதித்த கட்சியில் யாம் இருந்தோம், வெற்றியும் பெற்றோம். அவ்வளவும் கேட்டிருந்த வீட்டுக்காரர், மிளகும் காப்பியும் பயிரிடும் முதியவர், "நன்றாகப் பேசினீர்கள், தம்பி. அந்த மலையில் குடியிருப்பவர்கள் யார்?" என்று வினவினார். எம்முள் ஒருவர்க்கும் விடை தெரியவில்லை. கிரானா மலைக்கு அணித்தாகச் சர்கோதா என்னும் பெருநகர் உளது என்பதைக்கூட ஊர் திரும்பிய பின்னரே தேடி அறிந்தோம்.

இவ்வினாவை எழுப்புதற்குக் கொல்லிமலையார்க்கு உரிமை உண்டு. ஒரே அம்பால் யானை முதல் உடும்பு ஈறாகப் பல விலங்குகளை வீழ்த்தினான் என்று புகழப்பெற்றவன் இம்மலைத் தலைவன் ஓரி. பகைவரைச் சிரித்தே கொல்லும் பாவை ஒன்று இம்மலையில் நின்றது என்பதும் பழங்கதை. அவ்வில்லும் காத்திலது; அப்பாவையும் காத்திலது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரர்க்கு ஈந்தான் என்று சங்கச் செய்யுள் கூறும். வேந்தர் தம்முட் கொடுத்துக் கொண்டனர்; மலைமக்களை எவரேனும் ஒரு சொற் கேட்டனரோ? அஞ்சத்தக்க படைக்கலம் உடைமை ஒன்றே அரணாகாது என்பதும், பெரியோர் பூசலில் விலை கொடுப்பார் வேறொருவர் என்பதும் இம்மலை கண்ட உண்மைகள்.

நிற்க. அண்டை நாட்டை ஐயுற்றோர் அனைவரும் அறிவிலர் என்று யாம் கூறவில்லை. இந்தியா அணுக்குண்டு செய்யின், புல்லைத் தின்றேனும் தாமும் ஒன்று செய்வோம் என்று 1965-இல் பாகிஸ்தான் அயல்நாட்டு அமைச்சராயிருந்த பூட்டோ கூறினார். 1976 முதல் கஹூட்டாவில் யுரேனியத்தைச் செறிவூட்டும் முயற்சி மறைவாக நடைபெற்றது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த பாதுகாப்புத் துறை அறிஞர் கே. சுப்பிரமணியம் போன்றோர், இதனை நாடு உணர்ந்து தானும் அணுவாற்றல் பெறல் வேண்டும் எனப் பல்லாண்டு எழுதினர். 1998 மே 11, 13 ஆகிய நாட்களில் இந்தியா குண்டு வெடித்துத் தேர்வு செய்தது. அம்மாதம் 28, 30 ஆகிய நாட்களில் பாகிஸ்தானும் வெடித்தது. ஐயம் மெய்யாயிற்று. ஆயின் மறுபுறத்தையும் நோக்குக. 1974 மே 18-இல் பொக்ரானில் நாம் வெடித்ததை அமைதிக்கான வெடிப்பு என்றோம். எல்லைக்கு அப்பால் இருந்தவர்க்கு அது குண்டாகவே தோன்றியது. நாம் அவரை ஐயுறுதற்குக் காரணம் இருந்தவாறே, அவர் நம்மை ஐயுறுதற்கும் காரணம் இருந்தது. ஒருவர் ஐயம் மற்றவர்க்குச் சான்றாக, இருவர் கையிலும் குண்டு வந்து சேர்ந்தது.

ஆகலின் ஐயுறுதலே குற்றமன்று, ஆராயாமையே குற்றம். திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தில் இரு பிழைகளை ஒருங்கே கடிகின்றார். ஆராயாது ஒருவனை நம்புதல் ஒன்று. ஆராய்ந்து தெளிந்தவனிடத்துப் பின் ஐயங்கொள்ளுதல் மற்றொன்று. இரண்டும் நீங்காத் துன்பம் தரும் என்பது அவர் கருத்து. அரசன் வினைக்கு ஆளைத் தேரும் முறைபற்றி அவர் இதனைக் கூறினார். எனினும், நம் காலத்து உலக வரலாற்றில் இவ்விரு பிழைகளையும் கண்கூடாகக் காணலாம்.

முதற் பிழை பாகிஸ்தான் செய்தியில் நிகழ்ந்தது. கஹூட்டாவை முன்னிட்டு 1979-இல் அமெரிக்கா அந்நாட்டிற்கு உதவியை நிறுத்தியது. அவ்வாண்டு இறுதியில் சோவியத்துப் படை ஆப்கானிஸ்தானத்திற் புகவே, பாகிஸ்தானத்தின் துணை வேண்டப்பட்டது. உதவி மீண்டும் பெருகிற்று. அந்நாட்டிடம் அணுக்குண்டு இல்லையென்று குடியரசுத் தலைவர் ஆண்டுதோறும் சான்று தந்தாலன்றி உதவலாகாது என 1985-இல் ஒரு சட்டம் செய்தனர். சான்றும் 1989 வரை தரப்பட்டது. சோவியத்துப் படை அவ்வாண்டு வெளியேறிற்று. 1990-இல் சான்று மறுக்கப்பட்டது. வேண்டியபோது கண்ணை மூடினர், வேண்டாதபோது திறந்தனர்.

இரண்டாம் பிழை ஈராக்கில் நிகழ்ந்தது. 2002 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் ஆய்வாளர் ஆங்குச் சென்றனர். அணுப்படை முயற்சி மீண்டும் தொடங்கியதற்குச் சான்று காணப்படவில்லை என்றும், நைஜரிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய தாள்கள் பொய்யானவை என்றும் அணுவாற்றல் முகமையின் தலைவர் எல்பரதேய் 2003 மார்ச் 7-இல் உரைத்தார். தாமே தெளிந்து விடுத்தவரின் சொல்லை வல்லரசுகள் நம்பவில்லை. இரு வாரங்கள் நிரம்புமுன் போர் தொடங்கிற்று. 2004-இல் அமெரிக்கா அமைத்த ஆய்வுக்குழுவே, அந்நாட்டின் அணுப்படை முயற்சி 1991-இலேயே ஓய்ந்தது என்று கூறியது. அதற்குள் மாண்டவர் மாண்டனர்.

இனி, யாம் திண்ணையில் வாதித்த 'முந்தி அழித்தல்' என்பதைக் காண்போம். 1981 ஜூன் 7-இல் இஸ்ரேல் விமானங்கள் ஈராக்கின் ஓசிராக் அணு உலையை அழித்தன. அதன்பின் கஹூட்டாவையும் அவ்வாறே செய்யலாம் என்னும் பேச்சு நம் நாட்டிலும் எழுந்தது. நல்வினைப் பயனாக, அணு நிலையங்களை ஒருவர்க்கொருவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் சனவரி முதல் நாளில் அந்நிலையங்களின் பட்டியலை மாற்றிக் கொள்கின்றன. கார்கிற் போர் 1999-இல் நிகழ்ந்து, நம் வீரர் 500க்கு மேற்பட்டோர் உயிர் நீத்த பின்னரும் இவ்வழக்கம் நின்றுவிடவில்லை. இதனைச் சிறு செயல் என்று எள்ளுதல் எளிது. பகைவர் இருவர் ஓராண்டும் தவறாது செய்துவரும் செயல் வேறு எத்தனை உள?

தமிழர்க்கு இக்கருத்துப் புதிதன்று. கொல்லிக்கு வடக்கே தகடூரை ஆண்ட அதியமான், ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது விடுத்தான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் தானே அவர்க்குத் திறந்து காட்டினான். நெய் பூசிப் பளபளக்கும் அவன் படைகளையும், போரில் முனை முறிந்து கொல்லன் உலையிற் கிடக்கும் அதியமான் படைகளையும் ஒப்பிட்டு ஔவையார் பாடியது புறநானூற்றில் உளது. கதவு திறந்தது, கண்டறிந்த ஒருவர் உள்ளதை உரைத்தார். ஊகத்திற்கு அங்கு இடமில்லை.

குண்டு எவர் கையில் இருப்பினும் தீதே என்று துணிந்து கூறிய பெரியாரும் இப்பகுதியில் வாழ்ந்தனர். கொல்லிமலை அடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்திற் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராயும் நகராண்மைத் தலைவராயும் விளங்கிய இராஜாஜி, 1962-இல் தம் 83-ஆம் வயதில் வாஷிங்டன் சென்று, அணுக்குண்டுத் தேர்வுகளை நிறுத்துமாறு கென்னடியை வேண்டினார். பகை நாட்டைப் பழித்துத் தம் நாட்டிற் கைதட்டல் பெறுதல் எளிது. வலியவன் வாயிலுக்கே சென்று அவன் படையைப் பற்றிப் பேசுதல் அரிது.

"பகைவனை நம்பு என்கின்றீரோ?" என்று நண்பர் கேட்கக்கூடும். அன்று, ஆராய்க என்கின்றோம். நாட்டைக் காப்போர் விழிப்பாக இருத்தல் அவர் கடமை. நம் கடமை வேறு. சான்றில்லாச் செய்தியை நாம் பரப்பின், பொதுமக்கள் சினம் வளரும். அச்சினத்திற்கு அஞ்சி ஆள்வோரும் பொறுமையிழக்க நேரும். இரு புறமும் அணுக்குண்டு உள்ள இடத்தில் அத்தவற்றைத் திருத்த மறுநாள் வாய்க்காது.

மாணவத் தோழர்காள்! இனி இப்பொருள் பற்றிப் பேசப் புகும்போது மூன்று வினாக்களை முதலில் எழுப்புவோம். இதனைக் கண்டவர் யார்? நம்மை நோக்கி அவர் என்ன காண்கின்றார்? ஆங்குக் குடியிருப்பவர் யார்? மூன்றாவது வினா எம்முடையதன்று. கொல்லிமலை முதியவர் தந்தது. மறுநாட் காலை விடைபெற்றபோது, அவர்க்கு விடை கூறாமலே மலையிறங்கினோம். அடுத்த ஆடியில் மீண்டும் செல்ல எண்ணியுள்ளோம். அந்நாளில் அதே தலைப்பில் அதே திண்ணையில் வாதிப்போம். ஆனால் யாம் நிற்கும் கட்சி வேறாயிருக்கும்.